றோசலின் சொன்ன சாட்சி

எங்கள் டயகம தேயிலைத் தோட்டத்தில் யாருக்குத் தீராத நோவு வந்தாலும் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டி வருவார்கள். என் மனைவி றோசலின் எழுந்து நின்று, "எனக்கு மாருல புத்துநோய் இருந்துச்சு, அந்தோனியார் சுகமாக்கினாரு" என்று சாட்சி சொல்ல வேண்டும். அவளை அப்படி நிறுத்தி வைத்த மகா புத்திசாலி நான்தான்.

ஐம்பத்தொன்பதாம் வருடம் கொழும்பில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டு, மிச்ச நோயைக் கருக்கப் பல வாரம் கரண்டு வைத்தார்கள். அப்போது நான் நேர்ந்துகொண்டேன். உயிரோடு வந்தால் வெள்ளியில் மார்பு செய்து வைப்பதாக. வந்தாள். அட்டன் நகைக்கடையில் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, தாளில் வரைந்து காட்டிச் செய்து வாங்கி, மறுவருடத் திருவிழாவில் புனிதரின் காலடியில் வைத்தோம். உபதேசியார் லோரன்ஸ் அதை உயர்த்திக் காட்டியபோது எனக்கு அப்படியொரு பெருமை.

டாக்டர் சொன்னதோ வேறு. இது திரும்பி வரக்கூடிய நோய், ஐந்து வருடத்துக்கு ஆறு மாதத்துக்கொரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி ஒரு அட்டை கொடுத்திருந்தார். திருவிழாவுக்கு முன்னால் இரண்டு தடவை போய் வந்தோம். மூன்றாவது தடவைக்கு அவள் சேலையை மடித்துப் பையில் வைத்தபோது நான் மறித்தேன்.

"காணிக்கை வச்சாச்சு. இனிமே டாக்டருகிட்டப் போயி இருக்கா இல்லையான்னு கேட்டா, அந்தோனியார நம்பலன்னு ஆகாதா?"

"அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாருங்க. ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம்."

"சாட்சி சொன்ன வாயால டாக்டருகிட்ட சந்தேகம் கேப்பியா?" என்று கத்தினேன். அவள் சேலையை எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு பயத்தை அவள் தனியாகச் சுமந்தாள். பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு மற்றப் பெண்கள் வந்துவிடுவார்கள், இவள் மட்டும் வர நேரமாகும். சேலைக்குள் விரலை விட்டு ஒவ்வோர் அங்குலமாகத் தடவிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன்போல் இருந்தேன். மழைக்காலத்தில் லயத்து வீடுகளில் எல்லோரும்தான் இருமினார்கள். இவள் இருமினால் மட்டும் எத்தனை தடவை என்று எண்ணுவேன். கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கு முதுகு வலிப்பது அதிசயமா? ஆனாலும், "எலும்புல வந்துருச்சோ?" என்பாள். "வாய மூடு" என்பேன். என்னிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான்.

மூன்று தவணை இப்படியே தவறிப்போனது. அறுபத்திரண்டு மாசி மாதம், வேலைக்குப் போகுமுன் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் கழுத்தெலும்புக்கு மேலே வைத்து அழுத்தினாள். மொச்சைக்கொட்டை அளவில் கல்லாக ஒன்று.

"எப்பருந்து?"

"நத்தார்ப் பண்டிகைக்கு முந்தியே."

"அடிப்பாவி, ஏன் சொல்லல?"

"வாரா வாரம் சாட்சி சொல்ல வச்சீங்களே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?" அப்புறம் சிரித்தாள். "காணாமப்போனதத் தேடிக் குடுக்கிற சாமிகிட்டப் போயி நேந்துக்கிட்டீங்க. பாருங்க, தேடிக் கொண்டாந்துட்டாரு." நான் சிரிக்கவில்லை. மிச்ச ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி வாங்கி, தலவாக்கலையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். டாக்டர் கழுத்தைப் பார்த்தார், ஈரலை அழுத்திப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"மூணு தடவை வரேல்லை. ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் றோசலின் முந்திக்கொண்டாள். "தோட்டத்துல லீவு குடுக்கலங்க ஐயா."

டாக்டருக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. நேரத்துக்கு வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம், இனி வெட்டிப் பயனில்லை, நோவுக்கு மருந்து தருகிறேன் என்றார். எந்தத் துரை லீவு தரவில்லை, பெயரைச் சொல் என்று என்னைக் கேட்டார். நான் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ரயிலில் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று.

"ஒங்களச் சொன்னா அவரு திட்டுவாரு, நீங்க அழுவீங்க. அழுவுற ஆம்பளயக் கூட்டிக்கிட்டு நான் எப்பிடி ஊரு வந்து சேருறது?"

நானும் அவள் சொன்னபடியே வழியெல்லாம் அழாமல் வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மஸ்கெலியாவிலிருந்து சண்முகவடிவு என்ற பெண் தன் மகளோடு வந்திருந்தாள். மகளுக்கு இருபது வயதிருக்கும். மாரில் கட்டியாம். வழக்கம்போல உபதேசியார் றோசலினைக் கூப்பிட்டார். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். நான் அவள் தோளை அமர்த்திவிட்டு எழுந்து நின்றேன்.

"இவளுக்குத் திரும்ப வந்துருச்சு. இனிப் பொழைக்க மாட்டா" என்றேன். "அந்தோனியார் மேல குத்தமில்ல. காட்ட வரச் சொன்னாங்க, நான்தான் போகவிடல. அந்தப் புள்ளய நாளைக்கே கொழும்புக்குக் கூட்டிட்டுப் போங்க."

உபதேசியார் சட்டென்று பாட்டை எடுத்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் உரக்கப் பாடினார்கள். றோசலின் மட்டும் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

பூசை முடிந்து வாசலில் சண்முகவடிவு என்னிடம் வந்தாள். கொழும்புக்கு எந்த ரயில் என்று கேட்கப்போகிறாள் என நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, காணிக்கை சின்னதா வச்சுட்டீங்க போலருக்கு. அதான் இப்பிடி ஆயிப்போச்சு. நாங்க ரெண்டு மாரும் சேத்தே செஞ்சு வச்சிருவோம்."

பக்கத்தில் நின்ற மகள் நிம்மதியாகத் தலையாட்டினாள்.