ஈரப் பஞ்சு

சகாதேவனுக்கு உப்பளத்து வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அப்படிப்பட்டவன் தலை நரைக்கிற வயதில் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பி, பொடி ஓட்டை போட்ட அட்டை, டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், பஸ்ஸர் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தபோது தெருவே சிரித்தது. சிரித்தவர்களுக்கு என்ன, அவரவர் பெண்டாட்டி அவரவர் வீட்டில் இருந்தாள்.

இவன் மனைவி பாக்கியலட்சுமி பிரம்மதேசம் கிராமத்தில் இருக்கிற தாய்வீட்டுக்கே போய்விட்டாள். மார்கழியில் கடல் பொங்கிய அந்தக் காலையில், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப்பாப்பாவைத் தண்ணீர் கொண்டுபோனது. ஒரே மகள். அதற்குப் பிறகு அளத்தோரத்து வீட்டில் அவளால் கண்ணை மூட முடியவில்லை. "தண்ணி வர்றது முன்னாடியே தெரியும்னா நான் வந்துடுவேன்" என்று ஒருமுறை அழுதுகொண்டே சொன்னாள். அழுகிறவள் பேச்சை இவன் அப்படியே பிடித்துக்கொண்டான்.

கடைக்காரர் பொறுமைசாலி. வரப்பில் இரண்டு செப்புக் கம்பி நட வேண்டும், தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால் வீட்டுக்குள் பஸ்ஸர் கத்தும், அவ்வளவுதான் சங்கதி என்று படம் போட்டுக் காட்டினார். "அயர்ன் முனையில கரி புடிக்கும். ஈரப் பஞ்சுல தொடச்சிக்கினே இருங்க" என்றும் சொன்னார். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. பாண்டிச்சேரிக்காரருக்குத் தண்ணீர் என்றால் ஒன்றுதான்.

அளத்தில் அப்படி இல்லை. குடிக்கிற தண்ணீருக்குச் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு ஊருக்குள் போக வேண்டும். கைகால் கழுவ, சாமான் துடைக்க எல்லாம் உப்புப் பாத்தித் தண்ணீர்தான். பழக்கதோஷத்தில் பஞ்சையும் பாத்தியிலேயே முக்கினான். விரலைச் சுட்டுக்கொண்டு, டிரான்சிஸ்டரை மாற்றி வைத்துப் புகைய விட்டு, ஒருவழியாகப் பஸ்ஸரைக் கத்த வைத்தான். சந்தோஷம் தாங்காமல் அட்டையை அதே பஞ்சால் துடைத்து, பேட்டரியோடு சோப்பு டப்பாவில் மூடிச் சுவரில் மாட்டி, கம்பிகளை வரப்பில் நட்டான்.

மாமியார் வீட்டுக்கு நடையாய் நடந்து அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. வருகிறாள் என்றதும் வீட்டிலிருந்த அத்தனை குடத்திலும் நல்ல தண்ணீர் பிடித்து வைத்தான்.

மத்தியானம் வந்தவள் உட்காரக்கூட இல்லை. நேரே வரப்புக்குப் போய்க் கம்பிகளைப் பிடுங்கிப் பாத்தியில் முக்கினாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் முக்கினாள்.

"பேட்டரி போயிருக்கும், இரு" என்று சகாதேவன் உள்ளே ஓடினான். புதுசு மாட்டியும் பஸ்ஸர் ஊமையாகவே இருந்தது. அட்டையைத் திருப்பினால், ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சை பூத்து அரித்துக் கிடந்தது. டிரான்சிஸ்டரின் ஒரு கால் கையோடு வந்தது.

பின்னாலேயே வந்த பாக்கியம் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அளத்தில் உப்பு வாரியவள், அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

"உப்புத் தண்ணியிலயா தொடச்சீங்க?"

"பழக்கம்... நல்ல தண்ணிய யார் இதுக்கெல்லாம் எடுப்பாங்க?"

அவள் சுவரோரம் வரிசையாக நிறைந்திருந்த குடங்களைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. அதைக் கண்டு சகாதேவனுக்கு ஆசை பொங்கிவிட்டது.

"நாளைக்கே புதுசா பண்ணிடறேன் பாக்கியம். இந்த வாட்டி சுத்தமா பண்றேன்."

"பண்ணுவீங்க. அடிக்கவும் அடிக்கும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "அப்புறம் ஒருநாள் கெட்டுப்போவும். கெட்டுப்போனேன்னு அது சொல்லாதுங்களே. நான் அத நம்பித் தூங்கிக்கினு இருப்பேன்."

அவன் கழன்று வந்த டிரான்சிஸ்டர் காலை அட்டையில் வைத்துப் பொருத்திப் பார்த்தான்.

"அன்னிக்கும் எனக்கு ஒரு சத்தமும் கேக்கலிங்க. அடுப்புகிட்டதான் இருந்தேன். கேட்டிருந்தா ஓடியாந்து அவளத் தூக்கியிருக்க மாட்டேனா?"

ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தாள். வாசலில் வைத்த பையைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.  சகாதேவன் அட்டையைக் கையில் பிடித்தபடி வாசல்வரை வந்து நின்றான்.