இந்தக் கம்ப்யூட்டரில் இனி ஓடாது

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜூலை பதினைந்தாம் தேதி, வருமான வரிக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கும் சுமலதாவின் அறையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். அவருக்கு நடந்தது எனக்கு நடந்திருந்தால் இது கதையாகியிருக்காது, புகாராகியிருக்கும்.

முதல் வரியை இப்படித்தான் எழுதினேன்: "புதுச்சேரியின் மஞ்சள் சுவர்கள் மேல் காகிதப்பூக்கள் சரிந்து —"

[அடித்துவிட்டேன். சுமலதாவின் அறைச் சுவர் பச்சை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் தெரியும்.]

இரண்டாவது முயற்சி: "தொழில்நுட்பத்தின் இரக்கமற்ற சக்கரத்தில் —"

[இதை எழுதியதற்கு வருந்துகிறேன்.]

2.

சுமலதாவுக்கு ஐம்பத்தோரு வயது. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபின் மகள் டைப்ரைட்டிங் படித்து, கம்ப்யூட்டர் படித்து, இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களுக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்துவருகிறார். மேட்டுப்பாளையம் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், தேங்காய்த்திட்டு ஐஸ் பிளான்ட்காரர், வைத்திக்குப்பத்தில் படகு வைத்திருக்கும் இரண்டு பேர், ஒரு எழுத்தாளன். கடைசியாகச் சொன்னவனுக்கு வருமானம் குறைவு, சந்தேகங்கள் அதிகம்.

ஜூன் முதல் தேதியிலிருந்து, வரி சாஃப்ட்வேரைத் திறந்தாலே ஒரு பெட்டி வந்து நின்றது. உங்கள் விண்டோஸ் பழையது, ஜூலை பன்னிரண்டு முதல் இந்த சாஃப்ட்வேர் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்றது. கீழே இரண்டு பட்டன்கள். வலது பக்கம் இருந்தது 'பிறகு நினைவூட்டு'. நாற்பத்தொரு நாள் சுமலதா அதையே அழுத்தினார். அதுவும் சலிக்காமல் நினைவூட்டியது.

முதல் பிரதியில் இவரைக் கஞ்சம் என்று எழுதினேன். இரண்டாவதில் பிடிவாதக்காரி. இரண்டுமே தப்பு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

ஜூலை பன்னிரண்டாம் தேதி சொன்னபடி சாஃப்ட்வேர் திறக்கவில்லை. மறுநாள் புதுக் கம்ப்யூட்டர் வந்து மேஜையில் உட்கார்ந்தது. கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் முப்பத்தொன்று.

3.

எனக்கு முன்னால் இருந்தவர் பெயர் பக்கிரி. மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். வருடச் சம்பளம் ஆறு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். அதற்கு ஒரு பைசா வரி வராது. சுமலதா அவருடைய காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார், தட்டினார், பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினார்.

பக்கிரி படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், சட்டைப்பையில் திரும்ப வைத்தார்.

"அக்கா, கம்பெனிய என் பேர்ல எழுதி வச்சுட்டாங்களா?"

"இன்னா சொல்ற நீ?"

"பதினாறு லட்சத்துச் சொச்சம் வரின்னு போட்டிருக்குது."

சுமலதா சிரித்துவிட்டார். "ஒரு சைபர் கூட விழுந்திருக்கும். இரு, மாத்திடறேன்."

மானிட்டரில் அம்புக்குறி மேல் மூலைக்குப் போய், அங்கேயே சுற்றியது. பழைய சாஃப்ட்வேரில் சம்பளக் கட்டம் இருந்த இடம் அது. பக்கிரி அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு சுமலதாவின் முகத்தைப் பார்த்தார்.

"அங்க ஒன்னுமே இல்லக்கா," என்றார், குரலைத் தணித்து.

நான் என் காகிதங்களை ரொம்ப அக்கறையாகப் படிப்பதுபோல் பாவனை செய்தேன்.

"எத்தினி நாளாக்கா?"

"கார்த்திகைலேருந்து. ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணணும்ன்னாரு டாக்டர். சீசன் முடியட்டும்ன்னேன்."

"அப்ப பழசுல எப்படிப் போட்டீங்க?"

"பழசுல பாக்கவே தேவையில்ல பக்கிரி. மூணு தடவ டேப் பட்டன அடிச்சா சம்பளம், இன்னும் ரெண்டு அடிச்சா பேங்க் வட்டி. கரண்ட் போனாலும் நம்ம வீட்டு அடுப்படிக்குத் தடவாம நடந்து போறதில்லியா, அந்த மாதிரி. இதுல எல்லாத்தையும் எடம் மாத்தி வச்சுட்டான்."

(பழைய கண், பழைய கம்ப்யூட்டர். இந்த ஒப்புமை உங்களுக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. இருவரும் பார்க்காததுபோல் கடந்து போய்விடுவோம்.)

"நான் லீவு போட்டுட்டு வந்து உக்காந்து படிச்சுச் சொல்றேன்க்கா," என்றார் பக்கிரி.

"உன்னுத நீ படி. அடுத்தவங்க சம்பளத்த நீ எப்படிப் படிப்ப? என்ன நம்பித்தான குடுத்திருக்காங்க."

பக்கிரி தன்னுடையதைப் படித்தார். வரி பூஜ்யம் என்று வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்து நான் போய் என்னுடையதைப் படித்தேன். என் வருமானத்தை அவ்வளவு உரக்கச் சொல்ல நேர்ந்தது அன்றைக்குத்தான்.

4.

அடுத்த நாள் நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. சுமலதா சொன்னதை எழுதுகிறேன். இடையில் கொஞ்சம் என் கைச்சரக்கு இருக்கலாம்.

சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குச் சண்டை போடத்தான் போன் செய்தார். எடுத்த பெண் கவிநிலா.

"ரெண்டே வாரம் பழசுல ஓட விடும்மா. முப்பத்தொன்னு வரைக்கும் போதும்."

"என் கையில இல்ல மேடம். புதுசுல என்ன கஷ்டம்னு சொல்லுங்க. இப்ப ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?"

"மெனு."

"எந்த மெனு மேடம்?"

"மேல இருக்கற மெனு."

"இதுல மேல மெனுவே கிடையாது மேடம். இடது பக்கம்தான்."

(முதல் பிரதியில் கவிநிலாவை எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கும் குரலாக வைத்திருந்தேன். நகைச்சுவைக்கு வசதியாக இருந்தது. சுமலதா படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு அப்படி இல்ல, மாத்துங்க" என்றார். மாற்றினேன்.)

பிறகு கவிநிலா கேட்டாள்: "மேடம், எழுத்து தெரியலியா?"

முகம் தெரியாதவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. "தெரியல."

"விண்டோஸ் படம் போட்ட பட்டன அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பிளஸ் அழுத்துங்க. இன்னொரு தடவ. பத்தலன்னா இன்னும் ஒரு தடவ."

எழுத்துகள் ஊதிப் பெருத்தன. ஒவ்வொன்றும் கத்தரிக்காய் அளவுக்கு வந்து நின்றது. சம்பளக் கட்டம் மட்டுமே பாதித் திரையை அடைத்தது. மங்கல்தான், ஆனால் படிக்க முடிந்தது.

"இது புதுசுல வந்ததாம்மா?"

"இல்ல மேடம். பழசுலயும் இருந்துச்சு."

போனை வைத்ததும் சிரித்தீர்களா, அழுதீர்களா என்று கேட்டேன். எனக்கு வாக்கியத்தை முடிக்க வேண்டியிருந்தது. "ரெண்டுந்தான்," என்றார் சுமலதா.

5.

சோம்பேறி எழுத்தாளன் இங்கே முடித்திருப்பான். நானும் முடித்தேன். கீழே கோடுகூடப் போட்டுவிட்டேன்.

ஆனால் சுமலதா முடிக்கவில்லை. ஜூன் மாதம் தொடங்கி, பழைய கம்ப்யூட்டரில் கைப்பழக்கத்திலேயே அனுப்பிய அறுபத்து மூன்று கணக்குகளையும் எடுத்து, கத்தரிக்காய் எழுத்தில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான்கு நாள் ஆயிற்று. அறுபத்தொன்று சரி. இரண்டு தப்பு.

முதல் தப்பில் பேங்க் வட்டி வேறு கட்டத்தில் விழுந்திருந்தது. அந்த ஆளிடம் உள்ளதைச் சொன்னார். அவர், "அப்படியா, சரி," என்று திருத்தி அனுப்ப ஓடிபி நம்பரைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டாவதில் வீட்டு வாடகை வருமானமே விட்டுப்போயிருந்தது. திருத்தி அனுப்பினால் வரி கூடும். அனுப்பாவிட்டால் ஒருநாள் நோட்டீஸ் வரும்.

"சாஃப்ட்வேர் மாறினதுல வந்த கோளாறுன்னு சொல்லிடுங்களேன்," என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கதாசிரியனின் யோசனை.

"அது பண்ணலியே சார்," என்றார். "நான் பண்ணது. பழசு நல்லாத்தான் ஓடிச்சு."

6.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அந்த இரண்டாவது ஆளின் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறார் சுமலதா. கையில் ஃபைல். வீட்டுக்குள் யாரை உட்கார வைப்பது என்பதில்தான் எனக்குத் தகராறு.

ஒருவரை எழுதினேன். அவர் கத்தினார். தெரு கூடியது. அடுத்த வருடம் சுமலதாவிடம் கணக்குக் கொடுக்கும் நூற்றுநாற்பது பேரும் வேறு ஆளிடம் போனார்கள். [அடித்துவிட்டேன். நூற்றுநாற்பது பேரையும் தெரிந்துவைத்திருக்கும் அளவுக்கு அந்தத் தெரு பெரியதில்லை.]

இன்னொருவரை எழுதினேன். "பரவால்ல, உள்ள வாங்க" என்று காப்பி கொடுத்தார். [காப்பியில் சர்க்கரை அதிகம்.]

மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் ஃபைலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். [இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு நீக்கினேன்.]

ஆகவே இப்போது அந்த வீடு காலி. உங்களைக் குடிவைக்கிறேன். வாடகைக்கு விட்ட மாடி உங்களுடையது. எட்டு வருடமாக அவரிடம்தான் காகிதங்களைக் கொடுக்கிறீர்கள், ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. ஆகஸ்ட் ஆறாம் தேதி அவருக்கு முதல் கண் ஆபரேஷன். அதை அவர் உங்களிடம் சொல்லத்தான் போகிறார், ஆனால் இரக்கம் கேட்டு அல்ல.

வெளியே காலடிச் சத்தம் நிற்கிறது. காலிங்பெல் எங்கே இருக்கிறது என்று ஒரு கை சுவரைத் தடவுகிறது. கண்டுபிடித்துவிட்டது. ஒரே ஒரு முறை அடிக்கிறது.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கதவு உங்கள் பக்கம்தான் தாழ் போட்டிருக்கிறது.