பட்டுத் தண்ணீர் குடித்த மல்லிகை

காந்தாவின் தோட்டத்தில் தண்ணீர் மேலே நின்றது, அடியில் இல்லை. காலையில் ஊற்றிய இரண்டு குடம் மறுநாள் காலையிலும் மல்லிகையைச் சுற்றிக் குட்டையாகக் கிடந்தது. அதே இடத்தில் ஒரு சாண் தோண்டினால் மண் காய்ந்து கிடந்தது. ஆனாலும் ஆறு செடிகளும் செழிப்பாக இருந்தன. இலை ஒவ்வொன்றும் இளம் வெற்றிலை அளவு. மொட்டு ஒன்றுகூட இல்லை.

பங்குனி உத்திரத்தன்று தெருப் பிள்ளையாருக்கு ஐந்து முழச் சரம் கொடுக்கிற முறை காந்தாவின் வீட்டுக்கு. வீட்டில் பூத்த பூவாக இருக்க வேண்டும், கடைப்பூ ஆகாது. இரண்டு வருஷம் அடுத்தடுத்துத் தவறினால் முறை எதிர் வீட்டு வடிவாம்பாளுக்குப் போகும். இந்த வருஷம் தவறிவிட்டது.

"செடிக்குப் பசி" என்றார் காந்தாவின் கணவர் தணிகாசலம். ஆட்டெரு போட்டார். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினார். இலை இன்னும் பெரிதாயிற்று. பிறகு, மண் இறுகியிருக்கிறது என்று பாலாற்று மணலை ஒரு வண்டி அடித்துக் கலந்தார். களிமண்ணில் கொஞ்சமாக மணல் சேர்ந்தால் மணலுக்கு இடையிலுள்ள சந்துகளையெல்லாம் களி அடைத்துக்கொள்ளும். செங்கல் அறுக்கிறவர்கள் விரும்பும் கலவை அது. மண்வெட்டி எகிறியது.

வடிவாம்பாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னா காந்தா, தோட்டம் போட்டுக்கினு இருக்கீங்களா, தளம் போட்டுக்கினு இருக்கீங்களா?"

ஆவணியில் காந்தா யூனியன் ஆபீசுக்குப் போனாள். அங்கே கிராம சேவக் யேசுதாஸ் சொன்னபடி ஐந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் மண் பரிசோதனை அட்டை வந்தது. தழைச்சத்து: மிகுதி. மணிச்சத்து: மிகுதி. சாம்பல் சத்து: மிகுதி.

தணிகாசலம் அட்டையைத் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டு வந்தார். "மூணு பாடத்துலயும் பர்ஸ்ட் கிளாஸ்."

காந்தா கடைசி வரியைப் படித்தாள். களர்த்தன்மை உண்டு. எரு தேவையில்லை. ஜிப்சம் இடுக.

மறுநாள் யேசுதாஸ் சைக்கிளில் வந்து குட்டையைப் பார்த்தார். "செடிக்கு என்னம்மா ஊத்துறீங்க?"

"பட்டுத் தண்ணி, சார்."

தணிகாசலத்தின் தொழில் பட்டு வேகவைப்பது. கச்சாப் பட்டின் மேல் ஒரு பசை இருக்கும். சோப்பும் சலவை சோடாவும் போட்டு வேகவைத்தால் அது கரைந்து நூல் பளபளக்கும். மிஞ்சுகிற தண்ணீர் கஞ்சி மாதிரி இருக்கும். கஞ்சியை யாராவது சாக்கடையில் கொட்டுவார்களா? பதினொரு வருஷமாக ஆறவைத்து மல்லிகைக்கு ஊற்றியிருந்தார்கள்.

"சோடா போட்ட தண்ணியா?"

"சோடா போடாம பட்டு வேகுமா, சார்?"

யேசுதாஸ் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். இரண்டிலும் தோட்டத்து மண்ணை ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். ஒன்றில் மட்டும் பையிலிருந்த ஜிப்சம் தூளை ஒரு சிட்டிகை போட்டார். காந்தா காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எது காபின்னு பார்த்து எடுங்கய்யா" என்றார் யேசுதாஸ் தணிகாசலத்திடம்.

காபி குடித்து, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் ஜிப்சம் போட்ட டம்ளரில் மண் படிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. மற்றது கலங்கியே நின்றது.

விஷயம் இவ்வளவுதான். களிமண் மிக நுண்ணிய துகள்களால் ஆனது. அவை கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் நடுவில் தண்ணீர் இறங்க வழி இருக்கும். சோடாவிலுள்ள சோடியம் துகள்களில் ஒட்டிக்கொண்டு கூட்டத்தைக் கலைத்துவிடும். கலைந்த துகள்கள் வழியை அடைத்துவிடும். அட்டை களர் என்றது இதைத்தான். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், துகள்கள் மறுபடி சேரும். தள்ளப்பட்ட சோடியம் மழைநீரோடு வெளியே போக வாய்க்கால் வேண்டும். பட்டின் பசையோ நல்ல தழைச்சத்து. எருவும் புண்ணாக்கும் அதோடு சேர்ந்ததால் செடி பூக்கிற வேலையை விட்டுவிட்டு இலை வளர்த்தது.

"அப்போ பதினொரு வருஷமா கெடுத்தது நானா?" என்றார் தணிகாசலம்.

"பாதி நாள் நான்தான் ஊத்தினேன்" என்றாள் காந்தா.

அவருக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஐப்பசி மழை வந்தது, போனது. மார்கழியில் காந்தா செடிகளைப் பாதியாக வெட்டி, வெட்டிய தழையை அங்கேயே மக்கவிடாமல் வெளியே போட்டாள். மிகுதியாக ஏறியிருந்த சத்தில் கொஞ்சம் அதோடு போயிற்று. மாசியில் ஊற்றிய தண்ணீர் அரை மணியில் உள்ளே இறங்கியது. மொட்டு வந்தது.

பங்குனி உத்திரத்தன்று கோயில் வாசலில் சரத்தை முழம் போட்டவள் வடிவாம்பாள். தெருவிலேயே நீளமான கை அவளுடையது. அது தெரிந்துதான் காந்தா தன் கையால் ஆறு முழம் கட்டியிருந்தாள். வடிவாம்பாள் இரண்டு தடவை அளந்தாள். இரண்டு தடவையும் ஐந்துக்கு மேல் நாலு விரல்கடை இருந்தது.

சரத்தைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு வடிவாம்பாள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அப்படி என்னாதான்மா போட்டே? எங்க வூட்லயும் தண்ணி மேலயே நிக்குது."

"பத்தடிக்குப் பத்தடி இடத்துக்கு அஞ்சு கிலோ ஜிப்சம், அக்கா. மழைக்கு முன்ன தூவிக் கொத்திவிட்டேன். தண்ணி வெளிய போக ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால். எரு, புண்ணாக்கு, மணல் ஒண்ணும் போடல. பட்டுத் தண்ணி சாக்கடைக்குப் போவுது."