மாசில்லாத் தோட்டா

குப்புராஜ் உடைந்த பேட்டரிகளின் ஈயத் தகடுகளை உலைக்குள் வாரிப் போட்டுக்கொண்டிருந்தான், இடது கையால். வலது மணிக்கட்டு இரண்டு மாதமாகத் தொங்கிவிட்டது. தூக்கினால் நிற்காது, கழன்ற கீல் மாதிரி மடங்கிக்கொள்ளும். மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனி கொடுத்த பாதுகாப்புச் சாதனம் தண்ணீர் மட்டும்தான். துண்டு அவனுடையது.

கொஞ்சம் தள்ளிப் புது ஷெட். வெள்ளை டைல்ஸ், ஏசி. துப்பாக்கித் தோட்டாவின் செப்புத் தோலுக்குள் ஈயத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் தூளையும் நைலானையும் கலந்து அடைக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. பட்டாளத்துக்கு மாதிரி அனுப்பியாகிவிட்டது. சுடும்போது கிளம்பும் ஈயப் புகை சிப்பாயின் நுரையீரலுக்கு ஆகாது என்று முதலாளி போகிற கூட்டத்திலெல்லாம் உருகினார். சுடப்படுகிறவனின் நுரையீரலைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த ஷெட்டுக்கு ஹெல்பர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, குப்புராஜ் மேனேஜர் ஆதிநாராயணனிடம் போய் நின்றான். அவர் மறுநாள் ராணுவ அதிகாரி வரப்போகும் விழாவுக்கு போனில் பூங்கொத்து சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, உலையை விட்டு விலகாவிட்டால் இன்னொரு கையும் போய்விடும் என்று பொன்னேரி டாக்டர் சொன்னதை அவன் அவரிடம் சொன்னான்.

"புது ஷெட்டுக்கு மாத்தி உட்டுடுங்க சார். பெருக்கிக்கினாச்சும் இருக்கறேன்."

"ரத்தத்துல ஈயம் இருக்குன்னு நீயே சொல்ற. உள்ள ஒரு துளி ஈயம் இருக்கக் கூடாதுன்னு பட்டாளத்துல கண்டிஷன். உன்ன எப்படிய்யா உள்ள விடறது?"

"அப்ப வைத்தியத்துக்காச்சும் எதுனா செய்ங்க சார்."

"கேட்ல போர்டு பாத்தியா? ஈயமற்ற வளாகம். ஈயமே இல்லாத கம்பெனியில ஈய வியாதிக்கு வைத்தியம்னா சிரிக்க மாட்டாங்க?"

திரும்பி வந்து பக்கத்து உலைக்கார அஸ்கர் அலியிடம் சொன்னான். அவர் கரண்டியால் கசடை வழித்தபடி கேட்டுக்கொண்டார்.

"உள்ள உடறதுக்கு ஈயம் ஜாஸ்தி, வைத்தியத்துக்கு ஈயமே இல்ல. நல்லா கீது நைனா. போர்டு வச்ச அன்னிக்கே ஈயத்துக்கு முறிவுன்னு தெனம் குடுத்த பால் பாக்கெட்ட நிறுத்திட்டான், அப்பவே தெரிஞ்சிக்கினு இருக்கணும்."

மறுநாள் ராணுவ அதிகாரி வந்தார். பழைய ஷெட்டைப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். உலையை அணைக்கவில்லை, அணைத்தால் நஷ்டம். புகை பந்தலுக்கு மேலே வந்தபோது, பக்கத்துக் கம்பெனிக்காரர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆதிநாராயணன் வருத்தப்பட்டார். புது எந்திரங்களின் மேல் விருந்தாளிகளின் மூச்சுக்கூடப் படக்கூடாதென்று எல்லாருக்கும் நாடா வைத்த வெள்ளை முகமூடி. தூய்மையான தோட்டா, தூய்மையான தேசம் என்று முதலாளி பேசினார். அதிகாரி முகமூடியை இறக்கிவிட்டு, ஒரு தோட்டாவை எடுத்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. வரிசையாக எல்லாரும் முகர்ந்து தலையாட்டினார்கள்.

கார்கள் போனதும் லாரி வந்தது. புதுத் தோட்டா வரப்போகிறதென்று துப்பாக்கி சுடும் மைதானம் ஒன்றைச் சுத்தம் செய்து, மண்ணுக்குள் கிடந்த பழைய ஈயக் குண்டுகளைச் சலித்து மூட்டை கட்டியிருந்தார்கள். ஏலத்தில் எடுத்தவர் முதலாளிதான். மூட்டைகள் குப்புராஜின் உலையடியில் இறங்கின. ஒவ்வொன்றின் மேலும் மண்டையோடு அச்சடித்திருந்தது.

புது ஷெட் வாசல் குப்பைத் தொட்டியில் முகமூடிகள் குவிந்து கிடந்தன. குப்புராஜ் கறைபடாத ஒன்றைப் பொறுக்கி எடுத்தான். துண்டை அவிழ்த்துவிட்டு அதை மூக்கில் வைத்தான். நாடாவைக் கட்ட வலது கை எழவில்லை. அஸ்கர் அலி பின்னால் வந்து முடிச்சுப் போட்டார். முகமூடிக்குள் யாரோ குடித்த காபியின் வாசனை அடித்தது. கழலாமல் நிற்கிறதா என்று தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, குப்புராஜ் இடது கையால் முதல் மூட்டையின் வாயைப் பிரித்தான்.