நாத்தனார் பாட்டுக்குப் பதில்

அண்ணிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாட்டுப்பாடல் விழா மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில், கண்ணாடிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நாத்தனாரோ காலை நீட்டி உட்கார்ந்து, வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க அண்ணி. தரை தேஞ்சிடப் போகுது."

இருவரும் பாடப்போவது ஏசல் பாட்டு. நாத்தனார் ஓர் அடி, அண்ணி ஓர் அடி. வீட்டு விஷயம் எதையும் இழுக்கலாம். மேளம் நாலு சுற்று முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். பாட்டில் வந்ததற்கு வீட்டில் சண்டை கூடாது, அதுதான் வழக்கம். ஆறு வருடமாக அண்ணியின் தூக்கமும் உப்புக் கூடிய சமையலும் நாத்தனாரின் மூக்கும் மேடையேறி ஊரைச் சிரிக்க வைத்தாயிற்று.

காலையில் ஊக்கு தேடி அலமாரியைத் திறந்த நாத்தனார் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். வேறு ஊர்ப் பள்ளியில் அண்ணிக்கு வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். கணவனிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் வாய் வரை வந்தது. அவன் "என்ன?" என்று நிமிர்ந்ததும் "டீ போடட்டா?" என்று மாறிவிட்டது.

"அதை மட்டும் பாடிடாதடி."

"என் நாக்கு எப்ப என் பேச்சைக் கேட்டிருக்கு அண்ணி? அதுவும் இவ்வளவு நல்ல சரக்கு!"

விளையாட்டா, மிரட்டலா? அந்த முகத்தில் எதுவும் பிடிபடவில்லை.

மேடையிலிருந்து முதல் வரிசை தெளிவாகத் தெரிந்தது. கணவன் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தான். தூக்கம், உப்பு, மூக்கு எல்லாம் முடிந்தன. பிறகு நாத்தனார் இழுத்தாள்:

"அலமாரிக் கதவுக்குள்ளே ஆரும் அறியாச் சேதி உண்டு..."

மேளம் ஒரு சுற்று. இரண்டு. அடுத்த அடியில் நாத்தனார் போட்டு உடைத்துவிடுவாள். தன் சேதியை அவன் நாத்தனார் வாயாலா கேட்க வேண்டும்? மூன்றாம் சுற்றில் அண்ணியே எடுத்துப் பாடினாள்:

"சேதி என்ன பெரிய சேதி, சேலை நாலு மடிச்சு வச்சேன்
திங்க விடிஞ்சா ஊரு தாண்டித் தேடிப் போறேன் வேலைக்குத்தான்!"

கூட்டம் கைதட்டியது. அவன் மட்டும் தட்டவில்லை.

இப்போது நாத்தனாரின் முறை. மூன்று சுற்று போயும் அவளுக்கு அடி கிடைக்கவில்லை. "சும்மா பயமுறுத்தினேன் அண்ணி," என்றாள், மைக்கை விட்டு விலகி.

முன்வரிசையில் அவன் எழுந்துவிட்டான். "எத்தனை நாளைக்கு?"

அதுவும் பாட்டில் சேர்ந்தது என்று நினைத்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மேளக்காரர் அடியை நிறுத்தவில்லை.

"தெரியல," என்றாள் அண்ணி, ராகமில்லாமல்.