இடது கண்

இறந்துபோன அப்பா பெரியசாமியின் தலையில் தென்னரசு மூன்றாவது சொம்புத் தண்ணீரை ஊற்றும்போது பந்தலில் யாரோ உரக்கச் சொன்னார்: "தேவாவுக்குக் கை நீளம்டா. நம்ம பையன் கிட்டயே நெருங்க முடியாது."

"நெருங்கிட்டா? தென்னரசு அடிச்சா மாடே வுழும்."

கிளியனூரில் சாவு வீட்டிலும் இதே பேச்சுதான். திண்டிவனம் பக்கத்துக்குத் தென்னரசு, விழுப்புரத்துக்குத் தேவா. மளமளவென்று மேலே வந்துகொண்டிருந்த இரண்டு ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்கள். இன்னும் மோதியதில்லை. தை மாதம் மோதவைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அதிகம் பேசியவர் பெரியசாமிதான். "எம் புள்ள மூணாவது ரவுண்டுல முடிச்சிடுவான்" என்று டீக்கடையில் தினமும் அடித்துச் சொல்வார். நேற்று மல்லாட்டைக் கடலை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

புது வேட்டி கட்டி முடித்தபோது பந்தலில் பேச்சு சட்டென்று நின்றது. மாலையோடு தேவா வந்திருந்தான். பெரியசாமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தென்னரசை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப்போனான்.

"ணா, சொல்லாம போனா தப்பாய்டும். அப்பா போன செவ்வாக்கெழம எங்க ஜிம்முக்கு வந்தாரு."

"எதுக்கு?"

"உன் எடது கண்ணுக்குள்ள சவ்வு கிழிஞ்சிருக்காமே. அங்க அடிக்காதப்பான்னு கையப் புடிச்சிக்கினு கேட்டாரு."

தென்னரசைத் தவிர அது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், அவன் தலையில் கைவைத்து, "செத்தாலும் வாயத் தொறக்கமாட்டேன்டா" என்று சத்தியம் செய்தவருக்கு.

"நீ என்ன சொன்ன?"

"ரிங்குல எறங்கிட்டா கண்ணு எது, காது எதுன்னு பாக்க முடியாதுன்னேன். அழுதாருணா. எனக்கு ஒண்ணும் ஓடல. கோச்சுகிட்ட சொல்லிட்டேன். அவுரு பாக்சிங் சங்கத்துக்கு லெட்டர் போட்டுட்டாரு. இனி கண்ணு டெஸ்ட் இல்லாம உன்ன எங்கயும் எறக்கமாட்டாங்க."

"டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடும்."

"ஆமாணா."

தென்னரசு உள்ளே வந்தான். அப்பாவின் வாயைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏம்ப்பா?" என்றான்.

அம்மா கோவிந்தம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நானும் காலையிலருந்து அதத்தான்டா கேட்டுக்கினு கீறேன். மனுசன் பேசினாத்தானே?"

அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

அண்ணன் ஆனந்தராஜ் கொள்ளிச்சட்டியோடு தெருவில் நின்றான். நான்கு பேர் பாடையைத் தூக்கினார்கள். முன்னால் தென்னரசு நின்ற பக்கம் உயர்ந்து, மறுபக்கம் சரிந்தது. பெரியசாமியின் தலை மெல்ல அசைந்தது.

"ஒசரம் ஒத்துவரல," என்றார் பங்காளி முத்துசாமி. "அந்த விழுப்புரத்துப் பையனத்தான் கூப்பிடணும்."

எல்லோரும் தென்னரசைப் பார்த்தார்கள். அவன் பாடைக் கம்பைத் தோளில் சரிசெய்துகொண்டான். தேவா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபக்கம் தோள் கொடுத்தான்.

மேளம் எழுந்தது. பின்னால் வந்தவர்களில் யாரும் யார் ஜெயிப்பார் என்று பேசவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

சுடுகாடு வரைக்கும் பாடை சாயவில்லை.