செருப்புக்கடை இருந்த முகவரி

வியாபாரிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்து கொடுக்கும் கம்பெனியில், கொஞ்ச நாள் காசில்லாமல் பயன்படுத்திப் பார்க்கும் இலவசச் சோதனை கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பது, வீட்டின் மூத்த மருமகளான பெரியவளின் வேலை. விதிகள் கொஞ்சம்தான். ஒரு கடைக்கு ஒரு தடவை. சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். தள்ளுபடி, விளம்பரம் கூடாது. குளறுபடியாக எழுதியவர்களைக்கூட அவள் போனில் கூப்பிட்டு, "இதை மட்டும் மாத்தி அனுப்புங்க" என்று சொல்லிக்கொடுப்பாள்.

அன்று காலை திரையில் வந்தது சின்னவளின் விண்ணப்பம். கொழுந்தனின் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடை திறந்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மாமியார் வாயைத் திறந்தால் "சின்னவ கடை"தான். பெரியவள் இத்தனை காலமாக வேலைக்குப் போய்வருவது யார் கண்ணிலும் பட்டதில்லை. போதாக்குறைக்கு அவள் கணவனே போன வாரம் புதுக் கண்ணாடியோடு வந்து நின்று, "எவ்வளவு பொறுமையா பாத்தா தெரியுமா?" என்றான். அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே முகவரியில் முன்பு இருந்த செருப்புக்கடை சோதனையை வாங்கியிருந்தது. கடை வேறு, ஆள் வேறு. அது தெரிந்தும், 'இந்த முகவரிக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று' என்று காரணம் எழுதித் தள்ளிவிட்டாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமியார் வீட்டில் கூடினார்கள். சாப்பாடு முடிந்து இருவரும் பாத்திரம் கழுவும்போது சின்னவள் பேச்செடுத்தாள்.

"உங்க கம்பெனியில எனக்கு இல்லைன்னுட்டாங்க அக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள் பெரியவள், தட்டைத் துடைத்தபடி.

"சிபாரிசுக்கு வந்தா உங்க பேரு கெட்டுடும்னுதான் சொல்லலை. பரவாயில்லை. கண்ணாடி ரெடியானதும் கஸ்டமருக்கு நானே போன் பண்ணிடறேன். பேசுறப்போ, வீட்ல இன்னொருத்தருக்கும் பார்வை சரியில்லைங்கறாங்க. அவங்களையும் கூட்டிட்டு வராங்க."

கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. "எங்க விட்டாலும் பொழைச்சுக்குவா இவ."

 தள்ளியும் சின்னவளுக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. அடக்கிவிட்டதாக நினைத்த 'சின்னவ கடை' பேச்சு மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதைவிட, தன் பேர் கெடக்கூடாது என்று சின்னவள் நினைத்ததுதான் பெரியவளை முள்ளாகக் குத்தியது.

மறுநாள் அலுவலகம் போனதும் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, கடையும் ஆளும் வேறு என்று காரணம் எழுதி, அனுமதி கொடுத்தாள். பிறகு போன் செய்தாள்.

"உனக்குக் கிடைச்சிடுச்சு. நான்தான் தள்ளியிருந்தேன். தள்ளியிருக்கக் கூடாது."

 அந்தப் பக்கம் கடையில் யாரோ கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா அக்கா?" என்றாள் சின்னவள். பிறகு, "சரி, விடுங்க. வேற யாராவதுன்னா திரும்ப எடுத்தே பாத்திருக்க மாட்டாங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பெரியவள் போனை வைத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தாள். பெரிய மனசிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா என்று அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.